பழக்கமாகும் முன்

ஒரு கருவி நமக்குப் பழகிவிட்டது என்று சொல்லும்போது, யார் யாருக்குப் பழகினார் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அக்கருவி நம் கைக்குப் பழகியதா? அல்லது நம் கையும் கண்ணும் நேரமும் அக்கருவிக்குப் பழகினவா? அண்மையில் தொழிலுக்கென்று ஒரு புதிய கைபேசி வாங்க நேர்ந்தபோதுதான் இந்தக் கேள்வி நம் முன் வந்து நின்றது. சிறிய கேள்வியே எனினும், ஒரு வீட்டின் மாலைப்பொழுதே அதனுள் அடங்கியிருந்ததைப் பின்னர் கண்டோம்.

தேவையும் ஆசையும்

சென்னைப் பதிப்பகம் ஒன்றுக்கு மெய்ப்புத் திருத்தித் தரும் பணியை, காயல்பட்டினத்தில் வீட்டிலிருந்தபடியே செய்து வருகிறோம். முன்பெல்லாம் தபாலில் வந்த அச்சுத் தாள்கள் இன்று கைபேசியில் வருகின்றன. ஆசிரியருக்கு எழுதும் ஐயங்களும், பதிப்பாளருக்குச் சொல்லும் விடைகளும் அதன் வழியாகவே போகின்றன. ஆறாண்டுகள் உழைத்த நமது பழைய கைபேசியில், காலையில் ஏற்றிய மின்சாரம் லுஹருக்குள் தீரத் தொடங்கியது. மின்கலத்தை மாற்றினோம், அது சரியாயிற்று. ஆனால் அதைச் செய்த நிறுவனம் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை அனுப்புவதை நிறுத்திவிட்டதால், வங்கியின் செயலி அதில் இயங்க மறுத்தது. வேறு வழியில்லை என்று தெளிந்த பின்னரே கடைக்குச் சென்றோம்.

நாம் கேட்க எண்ணியவை நான்கே. ணகரத்தையும் னகரத்தையும் கண் வருந்தாமல் பிரித்துக் காட்டும் திரையா? தமிழ் 99 விசைப்பலகை அதில் இயங்குமா? ஒரு நாள் முழுதும் மின்சாரம் நிற்குமா? புதுப்பிப்பு எத்தனை ஆண்டுகளுக்கு வரும்? கடையிலிருந்த தம்பியோ படம் பிடிக்கும் திறனைப் பற்றியும் விளையாட்டுகள் ஓடும் வேகத்தைப் பற்றியும் ஆர்வத்துடன் விளக்கிக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. பெரும்பாலோர் கேட்பதைத்தான் அவர் சொன்னார். நமது நான்காவது கேள்விக்கு மட்டும் சற்றுத் தேடிப் பார்த்தே விடை தந்தார்.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். நமது நான்கு கேள்விகளுக்கும் ஆம் என்று விடை சொன்ன கைபேசி ஒன்று இருந்தது. அதன் அருகில், ஏறத்தாழ இரு மடங்கு விலையில், மெல்லியதாய்ப் பளபளக்கும் மற்றொன்றும் இருந்தது. கையில் எடுத்த அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை. ‘இதுவும் தொழிலுக்குத்தானே’ என்று மனம் வாதாடத் தொடங்கியது. தொழில் என்னும் சொல் ஆசைக்கு எவ்வளவு கண்ணியமான போர்வையாகிவிடுகிறது! ஆசைப்படுவது குற்றமன்று. ஆசையைத் தேவை என்று பெயரிட்டு நம்மையே நம்ப வைப்பதுதான் பிழை. ‘இது இல்லாவிட்டால் நம் பணியில் எது நின்றுபோகும்?’ என்று கேட்டோம். ஒன்றும் நின்றுபோகாது என்று மனமே விடை சொல்லிற்று. விலை குறைந்ததையே வாங்கினோம்.

நம் பணத்தைச் சேமிப்பது மட்டும் இங்கே பொருளன்று. இக்கருவிகளின் மின்கலத்தில் சேரும் கோபால்ட்டில் உலக உற்பத்தியின் பாதிக்கும் மேல் காங்கோ ஜனநாயகக் குடியரசின் மண்ணிலிருந்து வருகிறது. அங்கே கையால் தோண்டும் சுரங்கங்களில் ஏழைகள், சிறுவர்களும் கூட, படும் துன்பம் உலகறிந்தது. ஆகவே உழைக்கும் கைபேசியை ஓராண்டுக்குள் தூக்கி எறிவது நம் பணப்பையோடு முடிந்துவிடும் செயலன்று. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறைக்கு வந்துள்ள விதி, ஒரு கைபேசியின் விற்பனை நின்ற பின்னரும் குறைந்தது 5 ஆண்டுகள் அதற்குப் புதுப்பிப்புகள் கிடைக்க வேண்டும் என்கிறது. நல்ல உடலோடு கூடிய நமது பழைய கைபேசி, ஒரு புதுப்பிப்பு வராத காரணத்தால் மேசையறைக்குள் கிடப்பதைப் பார்க்கும்போது, அவ்விதியின் நியாயம் விளங்குகிறது.

விரல்களின் பாடம்

வாங்கியதை விடப் பழகுவதே கடினமாக இருந்தது. பழைய கைபேசியில் திரையின் அடியில் மூன்று பொத்தான்கள் உண்டு. புதியதில் அவை இல்லை. ஓரத்திலிருந்து விரலை இழுத்தால்தான் பின்னால் போகும். இல்லாத பொத்தானைத் தேடி நமது கட்டைவிரல் பகலெல்லாம் அலைந்தது. அதனோடு வந்த விசைப்பலகையோ, ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழைப் பெறும் வகையைச் சேர்ந்தது. 1999-ல் சென்னையில் நடந்த மாநாட்டின் பயனாக வந்த தமிழ் 99 அமைப்பில் உயிரெழுத்துகள் இடப்புறமும் மெய்கள் வலப்புறமும் நிற்கும். அதிலேயே ஊறிய நம் விரல்கள் தடுமாறி, பாதிக் கடிதம் ஒன்றை ஆசிரியர் ஒருவருக்கு அனுப்பியே விட்டன. அதை மாற்றி அமைத்துக்கொள்ளும் வரை, நாற்பதாண்டு எழுதிய நாம் பள்ளிச் சிறுவனாகவே இருந்தோம்.

பழக்கம் என்பதன் ஆற்றலை அறிஞர்கள் நெடுங்காலமாகச் சிந்தித்துள்ளனர். கட்டடம் கட்டிக் கட்டியே கொத்தனாராகிறோம், நீதி செய்தே நீதிமானாகிறோம் என்பது அரிஸ்டாட்டிலின் கருத்து. 1111-ல் மறைந்த இமாம் கஸ்ஸாலியும் தமது ‘இஹ்யா’வில் எழுத்துக்கலை பயில்பவனை எடுத்துக்காட்டாகக் கொள்கிறார். தேர்ந்தவரின் கைச்செயலை வருந்தி வருந்திப் பின்பற்றுகிறவனுக்கு நாளடைவில் அது இயல்பாகிவிடுகிறது. நற்குணமும் அவ்வாறே வாய்க்கிறது என்பது அவர் விளக்கம். இது பழக்கத்தின் ஒளி பொருந்திய பக்கம்.

மற்றொரு பக்கமும் உண்டு. ஜெர்மானியத் தத்துவ அறிஞர் ஹைடெகர் 1927-ல் வெளியிட்ட ‘இருப்பும் காலமும்’ என்னும் நூலில் சுத்தியலைப் பற்றிப் பேசுகிறார். நன்றாக வேலை செய்யும்போது சுத்தியல் தச்சனின் கவனத்திலிருந்து மறைந்துவிடுகிறது. உடையும்போதுதான் அது ஒரு பொருளாக அவன் கண்ணில் படுகிறது என்பார். பழகிய கருவி மறைந்துபோகிறது. மறைந்துபோவது அதன் சிறப்பு. ஆனால் அது நமக்குச் செய்வதும், நம்மைச் சுற்றியிருப்போருக்குச் செய்வதும் அதனோடு சேர்ந்தே மறைந்துபோகுமாயின்?

நின்றுபோன பேச்சு

புதிய கைபேசி வந்த மூன்றாம் நாள், மஃரிபுக்குப் பின் நம் தாயாரின் அருகில் அமர்ந்திருந்தோம். எண்பதைத் தாண்டிய அவர், கொழும்பில் வணிகம் செய்த தம் தந்தையாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிப்பதற்கு முந்திய காலம் அது. ரயிலில் தனுஷ்கோடி சென்று, அங்கிருந்து கப்பலில் தலைமன்னாருக்குப் போவார்கள். “ஒரு பெருநாளைக்கு முந்தி வாப்பா காயிதம் போட்டிருந்தாங்க...” என்று தொடங்கினார். அப்போது கைபேசி ஒலித்தது.

பழகாத ஒலியாகையால் நாம் திடுக்கிட்டோம். எடுத்துப் பார்த்தால், கைபேசிக்கு உறை மலிவாகக் கிடைக்கிறது என்று ஒரு செயலி அனுப்பிய அறிவிப்பு! தலை நிமிர்ந்தபோது தாயார் பேச்சை நிறுத்தியிருந்தார். அவர் கை தஸ்பீஹ் மணியை எடுத்துக்கொண்டிருந்தது. முகத்தில் வியப்போ வருத்தமோ இல்லை.

“பாரு வாப்பா, யாரோ தேடுறாங்க. நான் அப்புறம் சொல்லுறேன்.”

“ஒலிச்சா எப்பவும் இப்படித்தான் நிறுத்திடுவீங்களா உம்மா?” என்று கேட்டோம்.

“உனக்கு வேலை இருக்கும்லா. அதைக் கெடுக்கலாமா?” என்றார், மிக எளிதாக.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. ஆறாண்டுகளாகப் பழைய கைபேசியும் இதே நேரத்தில், இதே இடத்தில் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. அவர் ஒவ்வொரு முறையும் பேச்சை நிறுத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அந்த ஒலி நமக்குப் பழகிப் போனதால், அவர் நிறுத்தியதும் நம் கண்ணில் படவில்லை. கைபேசிக்குப் பழகியவர் நாம் மட்டுமல்லர். அதைத் தொட்டே பார்த்திராத நம் தாயாரும் அதற்குப் பழகியிருந்தார். எத்தனை கதைகள் இவ்வாறு பாதியில் நின்றன என்று எண்ணவும் நம்மால் இயலவில்லை.

யாருக்கு எந்த உரிமை

‘குறை மனிதரிடம் இருக்கிறது, கருவியை ஏன் நோகிறீர்கள்?’ என்று ஒரு நண்பர் கேட்டார். அவர் கேட்டதில் பாதி உண்மை உண்டு. கைபேசி நம்மைக் கேட்காமல் ஒலிக்கவில்லை. 2022-ல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், ஒவ்வொரு செயலியும் அறிவிப்பு அனுப்பத் தொடங்குமுன் நம் அனுமதியைக் கேட்க வேண்டும் என்பது ஏற்பாடு. நம்மையும் கேட்டது. வேலையைத் தொடங்கும் அவசரத்தில், ஒவ்வொன்றுக்கும் ‘அனுமதி’ என்று தட்டியவர் நாம்தாம். ஆனால் மறுபாதியையும் பார்க்க வேண்டும். அந்தக் கேள்வி முதல் நாட்களில்தான் எழுகிறது. ‘இந்த ஒலி உங்களுக்கு இன்னும் தேவைதானா?’ என்று ஓராண்டு கழித்து எந்தச் செயலியும் வந்து நிற்பதில்லை. நாம் அவசரமாகத் தந்த ஒரு விடை பழக்கமாகி இறுகிவிடுகிறது.

அப்படியானால் பழக்கமே கூடாதா? அவ்வாறு சொல்வது வீண் பேச்சு. ஒவ்வொரு பொத்தானையும் எண்ணி எண்ணித் தொடுபவன் ஒரு பக்க மெய்ப்பையும் முடிக்க மாட்டான். கைக்குப் பழக்கம் வேண்டும். ஆனால் எதற்குப் பழகுவது என்பதைக் கை முடிவு செய்யலாகாது. பழகாத அந்த முதல் வாரங்கள் நமக்குத் தொல்லையாகத் தோன்றுகின்றன. விரைவில் கடந்துவிட விரும்புகிறோம். உண்மையில் கருவியை நாம் தெளிவாகக் காணும் நாட்கள் அவை மட்டுமே. தேர்ந்தெடுத்தல் கடையிலேயே முடிந்துவிடுவதில்லை; அந்த நாட்களிலேதான் முடிகிறது.

தொழிலுக்கு நம்மீது உரிமை உண்டு. கூலி வாங்கும் பணி ஓர் அமானிதம். அதில் அசட்டை கூடாது. அதுபோலவே தாய்க்கும் மனைவி மக்களுக்கும் உரிமை உண்டு, அதுவும் அமானிதமே. ஒன்றின் உரிமையை எடுத்து மற்றொன்றுக்குக் கொடுப்பது கொடையாகாது. பிரான்சில் 2017 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள சட்டம், பணி நேரம் முடிந்த பின் தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமையைப் பற்றித் தொழிலாளருடன் பேச வேண்டும் என்று பெரிய நிறுவனங்களைப் பணிக்கிறது. வீட்டிலிருந்து மெய்ப்புத் திருத்தும் நமக்கு அத்தகைய சட்டத்தின் காவல் இல்லை. ஆகவே நாமே பதிப்பாளரிடம் பேசினோம். மஃரிபிலிருந்து இஷா வரை கைபேசியைப் பார்க்க மாட்டோம், அவசரமாயின் அடுத்தடுத்து இருமுறை அழைத்தால் மட்டும் ஒலிக்கும்படி அமைத்துள்ளோம் என்று சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “நீங்கள் இரவில் அவசரமாகப் பார்த்து அனுப்பிய படிவங்களில்தான் பிழை அதிகம் இருந்தது” என்றார். நமக்கு நாணமாக இருந்தது. இரு பக்கமும் பாதிப் பாதியாக இருந்து, இரு பக்கத்துக்கும் குறை வைத்திருக்கிறோம்.

மற்ற செயலிகளுக்குத் தந்த அனுமதியை ஒவ்வொன்றாகத் திரும்பப் பெற்றோம். அதற்கு அரை மணி நேரம் கூட ஆகவில்லை.

தாயார் உடனே கதையைத் தொடரவில்லை. நம் கை வெறுங்கையாக இருப்பதை அவர் நம்பவே சில நாட்கள் ஆயின. பழக்கம் அவருக்கும் எளிதில் விடவில்லை. பின்னர் ஒரு மாலை, நாம் கேட்காமலேயே தொடர்ந்தார். பெருநாளுக்கு முன் எழுதிய அந்தக் கடிதம் வழியில் தாமதப்பட, எழுதியவரே முதலில் ஊர் வந்து சேர்ந்துவிட்டாராம். இரண்டு நாள் கழித்துக் கடிதம் வந்தபோது, அவரே குடும்பத்தாரைச் சுற்றி உட்கார வைத்து, யாரோ எழுதியதைப் போல அதை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தாராம். ஒவ்வொருவர் பெயருக்கும் அதில் ஒரு ஸலாம் இருந்ததாம். “என் பேருக்கு மட்டும் ரெண்டு தடவை வாசிச்சாங்க” என்று சொல்லி அவர் சிரித்தார்.

புதிய கைபேசி வாங்கும் நம் சகோதர சகோதரியருக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றே. அதனோடு பழக அவசரப்படாதீர்கள். அது உங்களைக் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் விடை சொல்லுமுன், உங்கள் அருகில் பேசிக்கொண்டிருப்பவர் யார் என்று ஒருமுறை தலை நிமிர்ந்து பாருங்கள்.