போர் முடிந்தவருக்கு ஒரு தணிகை வேண்டாமா?

ஓம் சரவணபவ!



கந்த சஷ்டின்னா நம்ம மனசு நேரா திருச்செந்தூர் கடற்கரைக்குப் போயிடும். சூரசம்ஹாரம், லட்சக்கணக்கில் ஜனம், அரோகரா முழக்கம். ஆனால் அதே சஷ்டிக்குத் திருத்தணி போனவர்களுக்குத் தெரியும், அங்கே சூரசம்ஹாரம் கிடையாது. பூவைக் கொட்டி புஷ்பாஞ்சலி செய்வார்கள்.

ஏன் அப்படி? சூரனோடு போர், பிறகு வள்ளியம்மைக்காக வேடர்களோடு போர். இரண்டும் முடிந்து, சினம் தணிந்து சுவாமி அமர்ந்த மலை அது. அதனால்தான் தணிகை என்று பெயர். அசுரன் விட்ட சக்கரத்தை மார்பில் தாங்கிய தழும்பு அவனுக்கு அங்கே இருக்கிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த மார்புக்குச் சந்தனம் சாத்துகிறோம். தணிந்து உட்கார்ந்தவன் முன்னால் மறுபடி போரை நடத்திக் காட்டுவதில்லை.

சற்றே யோசித்துப் பாருங்கள். அவன் தேவசேனாபதி, தேவர் படைக்கே தலைவன். அவனுக்கே போர் முடிந்ததும் ஆற ஒரு மலை தேவைப்பட்டது என்று நம் முன்னோர் வைத்திருக்கிறார்களே, ஒரு சாதாரண மனுஷனுக்கு வேண்டாமா?

நம்ம தெருவில் இருக்கும் மிலிட்டரிக்காரரைத்தான் சொல்கிறேன்.

வேலூர்ப் பக்கம் ராணுவத்துக்குப் பிள்ளை அனுப்பாத ஊர் குறைவு. கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார் என்பார்கள். 18, 20 வயதில் போன பிள்ளை பதினைந்து, பதினேழு வருஷம் சர்வீஸ் முடித்து நாற்பது வயதுக்குள் திரும்பி வருகிறான். மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்களின் போர் முழக்கமே "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்பதுதான். அத்தனை வருஷம் அந்த முழக்கத்தில் வாழ்ந்தவரை ஒரே நாளில் ரேஷன் கடை வரிசையில் நிற்க வைத்துவிட்டு, "ஏன் சார் சட்டுன்னு கோபப்படறீங்க?" என்று கேட்கிறோம்.

2024-ல் அமரன் படம் வந்தபோது மேஜர் முகுந்த் வரதராஜனுக்காக அழாதவர் உண்டா? அழுதோம், நல்லது. ஆனால் உயிரோடு திரும்பி வந்தவரை நாம் எதற்கு நினைக்கிறோம்? கேன்டீன் சரக்கு ஒரு பாட்டில் கிடைக்குமா என்று கேட்க! அது அந்த வீட்டு அம்மாவுக்கு எப்படி வலிக்கும்? சில வீடுகளில் அதே பாட்டில்தான் குடும்பத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது.

இன்னொரு கேள்வி உண்டு. கல்யாண வீட்டில் விளையாட்டாகக் கேட்பார்கள்: "எத்தனை பேரைச் சுட்டீங்க?" அடியார்களே, திருத்தணியில் சுவாமி முன்னாலேயே போரை நடத்திக் காட்டாதவர்கள் நாம். அந்தக் கேள்வியை மட்டும் கேட்காதீர்கள். அவராகச் சொன்னால் கேளுங்கள், பாதியில் எழுந்து போகாமல் கேளுங்கள்.

சரி, நாம் என்ன செய்யலாம்? ஆறுமுகன் பெயரிலேயே "ஆறு" இருக்கிறது. புண் ஆறும், மனசு ஆறும், ஆறுதல். அதையே ஆறு காரியமாக எடுத்துக்கொள்வோம்.

1. கிருத்திகை அன்று உங்கள் தெருவில் உள்ள ஒரு முன்னாள் படைவீரர் வீட்டுக்கு விபூதியோடு போங்கள். எதையும் கேட்கப் போகாதீர்கள், சும்மா பேசிவிட்டு வாருங்கள்.

2. ஓய்வூதியம் தொடர வருஷத்துக்கு ஒரு முறை வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும். இப்போது ஸ்பர்ஷ் என்ற இணையவழி முறை. வயதானவர்கள் போனை வைத்துக்கொண்டு திண்டாடுகிறார்கள். சான்று போகாவிட்டால் பணம் நின்றுவிடும். உங்கள் காலேஜ் பிள்ளை பத்து நிமிஷம் உட்கார்ந்தால் ஒரு வீட்டில் அடுப்பு எரியும்.

3. வீரரின் மனைவி பெயர் ராணுவ ஆவணத்தில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி இருக்கும். அவர் இருக்கும்போதே திருத்திவிடச் சொல்லுங்கள். அவர் போன பிறகு குடும்ப ஓய்வூதியத்துக்காக அந்த அம்மா அலைவது பெரிய கொடுமை.

4. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் என்று ஒன்று இருப்பதே பல விதவைத் தாய்மார்களுக்குத் தெரியாது. பிள்ளைகள் படிப்பு உதவி போன்றவற்றுக்கு அங்கேதான் கேட்க வேண்டும். ஒரு நாள் கூடப் போய்வாருங்கள்.

5. மருத்துவத்துக்கு 2003 முதல் இ.சி.எச்.எஸ். திட்டம் இருக்கிறது. ஆனால் கார்டு இருந்தும், கிளினிக் இருக்கும் ஊருக்குப் போய்வர ஆள் இல்லாத கிழவர்கள் இருக்கிறார்கள். வண்டி வைத்திருப்பவர் ஒரு நடை கூட்டிப்போனால் அதுவும் காவடிதான்.

6. ராத்திரி தூக்கமில்லை, தீபாவளி வெடிக்கு உடம்பு தூக்கிப்போடுகிறது, யாரோடும் பேச்சில்லை, "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்கிறார் என்றால் அது திமிர் அல்ல, பேய் பிடித்ததும் அல்ல. ஆறாத புண். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். டாக்டரிடம் கூட்டிப் போங்கள். விபூதியும் பூசுங்கள், மாத்திரையையும் கொடுங்கள். மருந்தும் அவன் அருள்தான்.

வரப்போகும் காலத்தையும் நினையுங்கள். 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் 4 வருஷத்தில் திரும்பிவிடுவார்கள். கையில் ஒரு தொகை இருக்கும், மாத ஓய்வூதியம் இருக்காது. இருபத்து நாலு, இருபத்தைந்து வயதில், இனி என்ன என்று நிற்கும் அந்தப் பிள்ளைக்கு முதல் வேலை கொடுப்பது யார்? கடை வைத்திருக்கும் அடியார்கள், கம்பெனி நடத்தும் அடியார்கள் இதை மனசில் வையுங்கள். வாட்ச்மேன் வேலை மட்டும்தான் அவர்களுக்கு என்று நினைத்துவிடாதீர்கள்.

படைவீடு என்றால் படை தங்கும் இடம். ஆறு படைவீடும் நடந்து தரிசிக்கிறோம். படையில் இருந்து வந்த ஒருவருக்கு நம் வீட்டுத் திண்ணையில் இடம் இல்லை என்றால், 365 படி ஏறித் தணிகையில் நாம் என்னத்தைக் கும்பிட்டோம்?

இந்தக் கிருத்திகைக்கு ஒரு வீடு, ஒரே ஒரு வீடு. போய் வந்தவர்கள் மற்ற அடியார்களிடமும் சொல்லுங்கள்.

தணிகைவேலன் எல்லார் மனசையும் ஆற்றட்டும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!