கதிரைக் கால்களுக்கிடையில் உள்ள வெளி

கதிரையைக் கீற வேண்டாம், கதிரைக் கால்களுக்கிடையில் உள்ள வெளியைக் கீறுங்கள் என்று சொன்னால் பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள். ஒன்றுமில்லாததை எப்படிக் கீறுவது என்று கேட்பார்கள். பத்து நிமிடம் கழிந்தால் வகுப்பில் சத்தம் இராது. கதிரை என்றால் நாலு கால், ஒரு முதுகு என்று மனம் ஏற்கெனவே ஒரு படம் வைத்திருக்கிறது. கை அதைத்தான் கீறிக்கொண்டு போகும். வெளிக்கு மனத்திடம் படம் இல்லை. கண்ணைத்தான் கேட்க வேண்டும். சித்திரம் படிப்பிக்கிற எவருக்கும் தெரிந்த பழைய பயிற்சி இது. ஸ்காபரோவில் ஒரு கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் சனிக்கிழமைகளில் உயர்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல வருடங்களாக இதைச் செய்வித்து வருகிறேன். செய்விக்கும்போதெல்லாம் நான் விட்ட பிழை ஒன்று நினைவுக்கு வரும். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முதல் கொஞ்சம் ஊருக்குப் போய்வர வேண்டியிருக்கிறது.

எங்கள் பள்ளிக்கூடத்தில் சித்திரம் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம். மாஸ்ரர் கரும்பலகையில் வெண்கட்டியால் ஒரு செவ்வரத்தம்பூ கீறுவார். நாங்கள் அதைப் பார்த்துக் கொப்பியில் கீறுவோம். யன்னலுக்கு வெளியே வேலியில் செவ்வரத்தை பூத்துக்கிடக்கும். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒருமுறை பார்த்துக் கீறியவனுக்குப் புள்ளி குறைந்தது. வேலியில் பூத்தது அடுக்குச் செவ்வரத்தை. கரும்பலகையில் பூத்ததற்கு ஐந்து இதழ்.

எல்லா இடமும் இப்படி இருந்தது என்று சொன்னால் அது அநியாயம். இலங்கையின் சித்திரக் கல்விக்கு 1920களில் பொறுப்பாக இருந்த ஆங்கில ஓவியர் வின்ஸரின் பெயரில் யாழ்ப்பாணத்தில் 1938இல் ஒரு ஓவியக் கழகத்தை எஸ்.ஆர். கனகசபை தொடங்கினார். வடக்கின் பாடசாலைகளில் சித்திரம் ஒரு பாடமாக வேரூன்றியதில் அவருக்குப் பெரிய பங்குண்டு. அவருக்குப் பின்வந்த தலைமுறையில் மாற்கு. 1933இல் பிறந்து 2000இல் மறைந்த அந்த மனிதர் பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பித்தவர். அவரைக் கௌரவித்து 1987இல் வெளிவந்த 'தேடலும் படைப்புலகமும்' என்ற தொகுப்பு நம்மிற் சிலருடைய வீட்டு அலுமாரிகளில் இன்னும் இருக்கும். போர்க்காலத்தில் அவரிடம் படித்த அருந்ததி, வாசுகி, நிலாந்தன் ஆகியோரின் படங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று மற்றதைப் போல இராது. மாற்குவின் படத்தைப் போலவும் இராது. ஒரு ஆசிரியருக்கு இதைவிட வேறு சான்றிதழ் தேவையா என்று தெரியவில்லை. கரும்பலகைச் செவ்வரத்தையிலிருந்து இந்த இடத்துக்கு வர ஒரு சமூகத்துக்கு அரை நூற்றாண்டு எடுத்திருக்கிறது.

இனி ரொறன்ரோ. இந்த நகரத்திலும் பிள்ளைகளுக்கு ஓவியம் படிப்பிப்பதை ஒரு இயக்கமாக்கியவர் வந்தேறி ஒருவர்தான். ஆதர் லிஸ்மர் 1885இல் இங்கிலாந்தின் ஷெபீல்டில் பிறந்து 1911இல் இங்கே வந்தவர். எழுவர் குழுவில் ஒருவர் என்று பள்ளிக்கூடப் புத்தகங்கள் அவரைச் சொல்லும். எனக்கு அவருடைய பைன் மரங்களைவிட, 1930களில் டண்டாஸ் வீதியிலுள்ள ஓவியக்கூடத்தில் அவர் நடத்திய சனிக்கிழமைக் காலை வகுப்புகளே பெரிய காரியமாகத் தெரிகின்றன. அந்தக் கூடத்தின் நிலத்தில் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து படம் கீறினார்கள்.

இன்று ஒன்ராறியோவில் உயர்பள்ளி முடிப்பதற்கு வேண்டிய 30 கிறெடிற்றுகளில் ஒன்றாவது கலைப்பாடமாக இருக்க வேண்டும். சித்திரத்தை எடுக்கிற பிள்ளைக்குக் கோடு, வடிவம், வெளி, நிறம், இழையமைப்பு, ஒளி நிழல் என்ற மூலகங்களையும், சமநிலை, முரண், அழுத்தம், தாளம், அளவுப் பொருத்தம், ஒருமை என்ற விதிகளையும் சொல்லிக் கொடுப்பார்கள். நல்ல பாடத்திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எப்படியும் ஒரு தவணையில் 'உன் அடையாளம்' என்று ஒரு ஒப்படை வரும். அப்போது எங்கள் பிள்ளைகள் என்னிடம் ஓடி வருவார்கள், "அங்கிள், பனைமரம் எப்பிடிக் கீறுறது?" என்று. மல்வேர்ன் சந்தியில் பிறந்து, பனையை ஒருபோதும் காணாத பிள்ளை. 2014இல் ஒன்ராறியோ சட்டசபை ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றுக்கொண்ட பிறகு பனைக்குக் கிராக்கி இன்னும் கூடியிருக்கிறது. கலண்டரைப் பார்த்துக் கீறுவார்கள். பள்ளிக்கூடத்தில் நல்ல புள்ளி கிடைக்கும். வெள்ளைக்கார ரீச்சருக்கு அது பிள்ளையின் வேர். எனக்கு அது கரும்பலகைச் செவ்வரத்தை. அவளுடைய கண் தினமும் காண்கிற பனி உருகிய சேறு, நாலாம் மாடி பல்கனியில் காயும் சாரம், பஸ் கண்ணாடியில் தெரிகிற அம்மாவின் நித்திரை முகம், இவை ஒன்றும் அடையாளத்தில் சேர்த்தி இல்லைப்போலும்.

இதையெல்லாம் கண்டு மற்றவர்களைக் குறை சொல்லிக்கொண்டிருந்த நான் செய்த காரியத்தை இப்போது சொல்கிறேன்.

2012 குளிர்காலத்தில் ஒரு பெடியன் வந்தான். பதினாறு பதினேழு வயது. வன்னியில் கடைசிவரை இருந்து, முகாமில் இருந்து, பிறகு சின்னம்மாவிடம் வந்து சேர்ந்தவன். நல்ல கை. ஓவியக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க ஒரு படத்தொகுப்புக் கட்ட வேண்டும் என்று சின்னம்மா கூட்டி வந்தார். அவன் கொண்டுவந்த கொப்பியில் கார்கள், யப்பானியக் கார்ட்டூன் முகங்கள், சின்னம்மா வீட்டுக் குசினித் தொட்டி, தன்னுடைய இடது கை. அந்தத் தொட்டி அருமையாக இருந்தது. நான் அதைத் தட்டிக்கொண்டு போய்விட்டு, "தம்பி, நீர் கண்டதைக் கீறும்" என்றேன்.

"எதை மாஸ்ரர்?"

"உமக்குத் தெரியும்தானே."

இரண்டு கிழமைக்குப் பிறகு கொண்டு வந்தான். முட்கம்பி. அதைப் பிடித்துக்கொண்டு மேலே எழும்பிய கை. ஒரு சொட்டு இரத்தம். பின்னால் தலையில்லாத பனை. கருப்பும் சிவப்பும். சமநிலை சரி, அழுத்தம் சரி. நான் நன்றாகப் பாராட்டினேன். பாராட்டிக்கொண்டிருக்கும்போதே எங்கேயோ கண்ட படம் என்று பட்டது. கண்டதுதான். 2009இல் நாங்கள் யூனிவேர்சிற்றி அவெனியூவில் பிடித்துக்கொண்டு நின்ற மட்டைகளில், மே 10ஆம் திகதி கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறியபோது கையில் இருந்த மட்டைகளில் கண்டது. அங்கே இல்லாத நாங்கள், அங்கே இருந்தவர்களுக்காகக் கீறிய படம். இப்போது அங்கே இருந்தவன் அதை எங்களைப் பார்த்துக் கீறிக் கொண்டுவந்திருக்கிறான். கண்டவன் காணாதவனிடம் கடன் வாங்கியிருக்கிறான். வாங்க வைத்தவன் நான்.

பள்ளிக்கூடத்தில் அந்தப் படத்துக்குப் பெரிய வரவேற்பு. நடைக்கூடத்தில் சட்டம் போட்டு மாட்டினார்கள். சில நாட்களுக்குப் பிறகு அவனோடு படிக்கிற பிள்ளை ஒருத்தி பேச்சுவாக்கில் சொன்னாள், அவன் அந்த நடைக்கூடத்தால் போவதில்லையாம், மற்றப் படிக்கட்டால் சுற்றித்தான் வகுப்புக்குப் போகிறானாம். பிறகு ஒரு மாதம் என்னிடமும் வரவில்லை.

நான் நல்ல எண்ணத்தோடுதான் கேட்டேன் என்று சொல்லித் தப்பலாம். புத்தக ஆதாரமும் காட்டலாம். விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற வியன்னா யூதர், நாஜிகள் 1938இல் ஒஸ்ரியாவுக்குள் புகுந்தபோது தப்பி அமெரிக்கா வந்தவர், வேர்ஜீனியாவில் ஹம்ப்ரன் என்ற கறுப்பின மாணவர்களின் கல்லூரியில் ஓவியம் படிப்பித்தார். 1947இல் அவர் எழுதிய நூல் வட அமெரிக்கச் சித்திர ஆசிரியர்களுக்கு நெடுங்காலம் வேதம். பிள்ளையைப் பிரதி பண்ண வைக்காதே, அதன் சொந்த அனுபவத்திலிருந்து தொடங்கு, திருத்தாதே என்பது அதன் சாரம். ஒரு அகதி, இன்னொரு ஒடுக்கப்பட்ட சமூகத்தின் பிள்ளைகளிடம் உங்கள் வாழ்வைக் கீறுங்கள் என்று சொன்னது பெரிய விஷயம். அங்கே அவரிடம் படித்தவர்தான் பின்னாளில் பேர்பெற்ற ஓவியர் ஜோன் பிகர்ஸ். ஆனால் அதே வாசகம் என் வாயில் வந்தபோது வேறாகிவிட்டது. உன் அனுபவத்தைக் கீறு என்பதன் உள்ளே, அதில் எங்களுக்கு வேண்டியதைக் கீறு என்பது ஒளிந்திருந்தது. குசினித் தொட்டியும் அவனுடைய அனுபவம்தானே.

சாட்சி சொல்ல வேண்டாமா, அவன் கீறாவிட்டால் யார் கீறுவது என்று நண்பர் ஒருவர் என்னோடு சண்டைக்கு வந்தார். லேசாகத் தள்ளக்கூடிய கேள்வி அல்ல. அத்தனை பேர் செத்த இடத்தில் ஒரு படம்கூட மிஞ்சாமல் போனால் அதுவும் ஒரு அநியாயம்தான். ஆனால் புள்ளி போடுகிறவன், கல்லூரிக்குக் கதவு திறந்துவிடக்கூடியவன் கேட்டால் அது கேள்வி ஆகாது. சாட்சிக்கூண்டில் ஏறுவதா இல்லையா என்பது அவனுக்கு உரியது. அதை நான் ஒப்படையாகக் கொடுத்துவிட்டேன்.

அந்த நாட்களில் ஃப்றீடில் டிக்கர் பிறாண்டைஸைப் பற்றி அதிகம் யோசித்தேன். வியன்னாவில் யொஹானஸ் இற்றனிடம் படித்து, 1919இல் அவரைப் பின்தொடர்ந்து வைமார் பௌஹவுசுக்குப் போனவர். 1942 டிசெம்பரில் அவரைத் தெரேசின் யூத முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே அவர் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தினார். என்ன படிப்பித்தார் என்பதுதான் என்னை உலுக்குவது. தாளத்துக்கேற்பக் கோடு இழுக்கும் பயிற்சி, பழைய ஓவியங்களின் கட்டமைப்பைப் பிரித்துப் பார்ப்பது, அலுவலகக் கழிவுத் தாள்களைக் கிழித்து ஒட்டுவது. அதாவது இற்றனிடம் தான் படித்த அதே அடிப்படைகள். பசியையும் பயத்தையும் கீறுங்கள் என்று அவர் கேட்கவில்லை. பூவும் வீடும் மேசையும் வண்ணத்திப்பூச்சியும் கீறினார்கள். சிலர் முகாமையும் கீறினார்கள். பிள்ளைகள் தங்கள் பெயர்களைப் படங்களில் எழுதினார்கள். 1944 ஒக்ரோபரில் அவரை ஓஷ்விற்சுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். போவதற்கு முன் ஏறக்குறைய 4,500 படங்களை இரண்டு சூட்கேசுகளில் அடைத்து ஒளித்து வைத்துவிட்டுப் போனார். அவை இன்று பிராக்கில் யூத நூதனசாலையில் இருக்கின்றன. கீறிய பிள்ளைகளிற் பெரும்பாலானோர் இல்லை.

வடிவமைப்பின் அடிப்படைகள் ஐரோப்பியச் சொகுசு, குண்டுக்குள்ளால் வந்த பிள்ளைக்குச் சமநிலையும் ஒளி நிழலும் என்னத்துக்கு என்று ஒருகாலத்தில் நானே பேசியிருக்கிறேன். அந்த முகாமில் அவர் கொடுத்தது அதைத்தான். பிழைக்க அது உதவியது என்று சொல்ல மாட்டேன், அப்படிச் சொன்னால் பொய். கோடு எங்கே போக வேண்டும் என்று ஒரு பிள்ளை தானே தீர்மானிக்கிற ஒரு மணித்தியாலத்தை அவர் உண்டாக்கினார், அவ்வளவுதான்.

நம்மிடமும் ஒரு உதாரணம் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிற ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட 'முடிவுறாத தோம்பு' என்ற ஆங்கில நூல். இடம்பெயர்ந்தவர்களிடம் அவர் கேட்டது, இழந்த வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து கீறித் தாருங்கள் என்பது. எங்கே கிணறு, எங்கே குசினி, வாசல் எந்தப் பக்கம். அழச்சொல்லவில்லை, அளவு கேட்டார். அளவு சொல்லப் போனவர்கள் தங்களுக்கு வேண்டிய மட்டும் சொன்னார்கள். அந்தப் பக்கங்களை ஒரே இருப்பில் என்னால் பார்த்து முடிக்க முடியவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பெடியன் திரும்பி வந்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது படுகிறது; கேட்டால் அதையும் அவன்தான் சுமக்க வேண்டும் என்று அப்போது பட்டது. மேசைக்கு மேல் ஒரு பழைய மரக் கதிரையைத் தூக்கி வைத்து, வழக்கமான பயிற்சியைக் கொடுத்தேன். பின்னங்கால்களுக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் இடையில் உள்ள வெளியை அவன் கரியால் கீறிக்கொண்டிருந்தான். மேற்பக்கம் ஒடுங்கி, கீழே அகன்ற ஒரு துண்டு. பக்கத்தில் நின்றபோது, தலையை நிமிர்த்தாமல், "மாஸ்ரர், பங்கருக்குள்ள இருந்து பாத்தா வானம் இப்பிடித்தான் இருக்கும்" என்றான்.

அதைக் கீறும் தம்பி என்று சொல்ல நாக்கு நுனியில் வந்தது. இரண்டு வருடம் படிப்பித்தாலும் இப்படி ஒரு வாசல் திறக்காது என்று எனக்குள் இருந்த ஆசிரியன் பறந்தான். பங்கர் வாசலிலிருந்து ஒரு துண்டு வானம், கலண்டரிலும் இல்லை, மட்டையிலும் இல்லை. விட்டுவிட்டால் அது போய்விடும் என்ற பயமும் உண்மை. நான் வாய் திறக்காமல் இருந்தது மரியாதையா, கோழைத்தனமா என்று இன்றைக்கும் எனக்குள் வழக்கு நடக்கிறது. சில இரவுகளில் ஒரு பக்கம் வெல்லும், சில இரவுகளில் மற்றப் பக்கம்.

அந்தத் துண்டின் இடப்பக்க விளிம்பு பிழையாக இருந்தது.

"இடப்பக்கம் கொஞ்சம் அகண்டுபோச்சு. அளந்து பாரும்" என்றேன்.

கையை நீட்டிப் பென்சிலை நிமிர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக் கதிரையைப் பார்த்தான். பெருவிரலைப் பென்சிலில் மெல்ல இறக்கினான். பிறகு தாளைப் பார்த்தான். திரும்பவும் கதிரையைப் பார்த்தான்.

"ஓம் மாஸ்ரர், அரை விரல் கூட" என்று சொல்லிவிட்டு அழிறப்பரைத் தேடினான்.