முன்வினையும் பள்ளியின் பொறுப்பும்

அறிவுத்திறன் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள குழந்தையைப் பார்த்ததும் 'போன பிறவியில் என்ன பாவம் செய்ததோ' என்று பேசுவது இந்தியக் குடும்பங்களில் இன்னும் ஓய்ந்துவிடவில்லை. ஆகவே இத்தகைய குழந்தைகளுக்கான பள்ளிக்குத் தலைமை ஏற்பவர், பாடத்திட்டத்தை வகுக்கும் முன்பே ஒரு சமயக் கேள்விக்கு முகம் கொடுக்க வேண்டியிருக்கிறது. கேள்வி பழையது. உலகில் இத்தனை ஏற்றத்தாழ்வு இருக்கும்போது படைத்தவனைப் பாரபட்சமும் இரக்கமின்மையும் உடையவன் என்று கொள்ள வேண்டாமா என்ற ஐயத்தைப் பிரம்ம சூத்திரம் (2.1.34) எடுத்துக்கொண்டு, அவன் உயிர்களின் வினையைச் சார்ந்தே படைப்பதால் அக்குற்றம் அவனைச் சேராது என்று விடை சொல்கிறது. மழை எல்லாப் பயிருக்கும் பொதுவாகவே பெய்கிறது, நெல் நெல்லாகவும் வாற்கோதுமை வாற்கோதுமையாகவும் விளைவதற்கு அவற்றின் வித்தே காரணம் என்று சங்கரர் தம் உரையில் இதை விளக்குகிறார்.

இந்த வாதம் இறைவன்மீது எழுந்த குற்றச்சாட்டுக்கு மறுமொழியாக அமைந்ததேயன்றி, அண்டை வீட்டாருக்கோ ஆசிரியருக்கோ கடமையிலிருந்து விடுப்பு வழங்குவதற்காக அமைந்ததன்று. எனினும் நடைமுறையில் அது அப்படித்தான் பயன்பட்டு வந்திருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்க இயலாத பிள்ளையை 'அவன் தலையெழுத்து' என்று கடைசி வரிசையில் உட்கார வைத்துவிட்டால், கற்பித்தலின் குறை முழுவதும் கற்பவன் கணக்கில் ஏறிவிடுகிறது. இந்தத் தாவலைப் பௌத்தம் முன்பே கண்டுகொண்டது. சம்யுத்த நிகாயத்தில், மனிதர் நுகரும் இன்பதுன்பம் அனைத்தும் முன்வினையால் வந்தவைதானா என்று சிவகர் என்னும் துறவி கேட்க, பித்தம், கபம், வாதம், இவற்றின் கூட்டு, பருவமாற்றம், கவனக்குறைவான நடத்தை, பிறரது தாக்குதல், வினைப்பயன் என எட்டுக் காரணங்களை அடுக்கும் புத்தர், எல்லாவற்றையும் முன்வினையின்மேல் ஏற்றுவோர் கண்கூடாக அறிந்த உண்மையைக் கடந்து பேசுகின்றனர் என்கிறார்.

ஐதராபாத்தில், குறையைப் பிள்ளையின் கணக்கில் ஏற்றலாமா என்ற இதே வாதம் சமயச் சாயலின்றி வேறொரு களத்தில் நடந்தது. ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் பேராசிரியராக இருந்தவரும் 2003இல் மகசேசே விருது பெற்றவருமான சாந்தா சின்ஹா, 1981இல் நிறுவப்பட்ட எம்.வி. அறக்கட்டளை வழியாக, ரங்காரெட்டி மாவட்டத்துக் கொத்தடிமைச் சிறுவரையும் வேலைக்குப் போகும் சிறுமியரையும் 1990களில் பள்ளிக்குக் கொண்டுவந்தபோது, 'வறுமை இருக்கும்வரை குழந்தைத் தொழில் இருக்கும்' என்ற விளக்கத்தையே முதலில் மறுத்தார். படித்தவர்கள் கையில் வறுமை என்ற சொல் தலையெழுத்து செய்த வேலையையே செய்தது என்று கொள்வது மிகையாகாது. பள்ளியில் இல்லாத எந்தக் குழந்தையும் குழந்தைத் தொழிலாளியே என்பது அறக்கட்டளையின் விட்டுக்கொடுக்காத கொள்கை. வயது மீறிய பிள்ளைகளைத் தங்கவைத்து வயதுக்குரிய வகுப்புக்குத் தயார்செய்யும் 'இணைப்பு முகாம்கள்' அதன் கருவி. தடை பிள்ளையிடமோ பெற்றோரிடமோ இல்லை, பிள்ளையை உள்ளே விடாத பள்ளியிடம் இருக்கிறது என்பதே இந்த அணுகுமுறையின் அடிப்படை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது எனவும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் எனவும் சொல்வதில் இப்பார்வையைக் காணலாம்.

செகந்திராபாத்தின் மனோவிகாஸ் நகரில் 1984இல் தொடங்கப்பட்டு, இன்று அறிவுசார் மாற்றுத்திறனாளிகள் அதிகாரமளித்தலுக்கான தேசிய நிறுவனம் என வழங்கும் அமைப்பு, தனிப் பயிற்சி தேவைப்படும் பிள்ளைகளுக்கானதாக, மறுமுனையில் நிற்கிறது. சிறப்புக் கல்வித் துறையில் 'பணிப் பகுப்பு' என்றொரு முறை உண்டு. சட்டைப் பொத்தான் போடுவது என்ற ஒரே செயலைப் பல சிறு படிகளாகப் பிரித்து, முதல் படிகளை ஆசிரியரே செய்து, துளையில் பாதி நுழைந்த பொத்தானை இழுத்துவிடும் கடைசிப் படியை மட்டும் குழந்தைக்கு விட்டுவைப்பார். அது கைவந்த பின் அதற்கு முந்தைய படி. ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தது குழந்தையாகவே இருக்கிறது. பிள்ளைக்குப் பொத்தான் போட வராது என்று கைவிடுவதற்கு இம்முறையில் இடமில்லை. வரவில்லையென்றால் படி இன்னும் சிறிதாகப் பிரிக்கப்படவில்லை என்று பொருள்.

அமர்த்தியா சென் 1979இல் ஸ்டான்ஃபோர்டில் ஆற்றிய 'எதில் சமத்துவம்?' என்ற உரை இந்நடைமுறைக்கான மெய்யியலைத் தருகிறது. ஒரே அளவு பண்டம் உடற்குறை உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே அளவு ஆற்றலைத் தருவதில்லை. ஆதலால் சமத்துவத்தைப் பகிர்ந்த பொருளைக் கொண்டல்லாமல், அதைக் கொண்டு ஒருவரால் என்ன செய்ய முடிகிறது என்பதைக் கொண்டே அளக்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளையும் ஒரே மாதிரி நடத்துவதாகப் பெருமைப்படும் தலைமையாசிரியர் இந்த அளவுகோலில் தேற மாட்டார்.

ஒரு சிக்கல் எஞ்சுகிறது. அனைவரும் ஒரே முறைசார் பள்ளிக்கு வர வேண்டும் என்பது ஒரு மரபு, சிலருக்குத் தனிப் பள்ளி வேண்டும் என்பது மற்றது. தனிப் பள்ளி சில பிள்ளைகளுக்கு உயிர்நாடி என்பதை மறுக்க முடியாது. ஆனால் பொதுப்பள்ளி தன் சோம்பலால் வெளியே தள்ளியவரை ஏற்றுக்கொள்ளும் கிடங்காக அது மாறினால், வேறு பெயரில் தலையெழுத்துக் கோட்பாடே திரும்பி வருகிறது. எனவே தனிப் பள்ளியின் தலைவர், ஒவ்வொரு பிள்ளையும் ஏன் இன்னும் அங்கே இருக்கிறது என்பதற்கு ஆண்டுதோறும் காரணம் காட்டக் கடமைப்பட்டவர். 40 விழுக்காடும் அதற்கு மேலும் ஊனமுற்ற, 6 முதல் 18 வயது வரையுள்ள குழந்தை அருகமைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம் என்று கூறும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 31ஆம் பிரிவில், இரண்டில் ஒன்றைத் தேரும் உரிமையைப் பள்ளிக்குத் தராமல் குழந்தைக்கே தந்திருக்கிறது.