பொய்க்கண் பொய்யாகுமோ?

பொய்க்கண் அணிதல் வாய்மைக்கு இழுக்கன்றோவென வினவுவாருளர். பொய்க்கால், பொய்ப்பல் என்னும் வழக்குச்சொற்களே இம்மயக்கத்தை விளைத்தனவென்பேம். அக்கண் காட்சி தருவதன்று. விழியகற்றப்பட்ட குழி சுருங்காதும் இமை சரியாதும் தாங்கி நிற்பது.

அமெரிக்க நடிகர் பீற்றர் பால்க் (1927–2011) என்பார், விழித்திரையிற் றோன்றும் அரியதொரு புற்றுநோயினால் மூன்று வயதில் வலக்கண்ணை இழந்தவர். பள்ளிப்பருவத்திற் பேஸ்போல் ஆட்டத்தில் நடுவர் தமக்கு மாறாகத் தீர்ப்புரைக்க, தமது கண்ணாடிக்கண்ணைக் கழற்றி அவர்பால் நீட்டினாரெனத் தாமே கூறியுள்ளார்; அது நடுவர்க்கே வேண்டுவதென்பது கருத்துப்போலும்! 1968 முதல் கொலம்போ என்னும் துப்பறிவாளராக நடித்து உலகறியப்பெற்றார். வஞ்சிக்கக் கருதினார் இங்ஙனங் கழற்றுவரோ?

அற்றேல், கண்டார்க்கெல்லாம் உரைத்தல் கடனோவெனின், அன்று. மருத்துவர்க்கும், மோட்டார் செலுத்த அனுமதி வழங்குவோர்க்கும் உரைத்தல் கடன். உற்றுநோக்கும் வழிப்போக்கர்க்கு உரைத்தலும் உரையாமையும் அணிந்தவர் விருப்பம்.