கோப்பைக் காணோம்!

"ஏனுங்க, என்ர பேரு அதுல இருக்குதுங்களா?"

"கோப்பைக் காணோம், அம்மா. அடுத்த வாரம் வாருங்கள்."

கொங்குச் சீமையிலே எந்த வட்டாட்சியர் அலுவலகத் தாழ்வாரத்திலும் அரை நாள் நின்று பாருங்கள், தோழர்களே. இந்த உரையாடல் காதில் விழும். கேட்பவர், மேட்டுக்காட்டிலே சோளம் விதைத்துப் பிழைக்கும் மூதாட்டி. பதில் கூறுபவர் கொடியவரல்லர். கையூட்டுக் கேட்டாரில்லை, பொய்யும் புகன்றாரில்லை. மெய்யாகவே கோப்பைக் காணோம்! அங்ஙனமாயின் இங்கே குற்றவாளி யார்? எவரும் தீங்கு நினையாத இடத்திலே ஒருவருடைய உரிமை மாண்டுபோனால், அதனை விபத்தென்று எழுதி முடித்துவிடலாமா?

ஆகாது என்பேன். அடகு வைத்த நகையைக் காணோம் என்று கடைக்காரர் கூறட்டும், ஊரே திரண்டுவிடும். காகிதத்தைக் காணோம் என்றால் மட்டும், விதியை நொந்தபடி வீடு திரும்புகிறோம். நகை நம்முடையது என்பதறிவோம். காகிதமோ சர்க்காருடையது என்று எண்ணப் பழகிவிட்டோம். எவரைப் பற்றி எழுதப்பட்டதோ, எவருடைய வாழ்வு அதிலே அடங்கிக் கிடக்கிறதோ, அவருக்கே அது உரியது. அலுவலகம் அதனைக் காத்து நிற்கும் காவலாள் மட்டுமே என்ற எண்ணம் நமக்கு எழவேயில்லை.

எழாததற்குக் காரணமுண்டு. கும்பினி ஆட்சிக் காலத்திலே கோவை மாவட்டக் கருவூலம் காசிச் செட்டி என்பவரின் பொறுப்பில் இருந்தது. கலெக்டர் அவரை முழுவதும் நம்பினார். பின்னர் பெருங்கையாடல் அம்பலமாகி, 1816இல் தாமஸ் மன்றோவும் ஜான் சல்லிவனும் அதனை விசாரிக்க நேர்ந்தது. பணம் போனது பெரிதன்று. கணக்கு ஒருவர் கைக்குள் அடங்கிவிட்டால், மேலே அமர்ந்திருப்பவரும் குருடரே, கீழே நிற்பவரும் குருடரே, அதுதான் பெரிது.

சிற்றூரிலோ கணக்குப்பிள்ளை. தந்தைக்குப் பின் தனயன். ஏடுகளும் அந்த வீட்டுப் பெட்டியிலே! உழுதவன் பெயர் அடங்கலில் ஏறுவதும் ஏறாமற் போவதும் அவருடைய பேனா முனையைப் பொறுத்தது. மறை என்று ஒன்றை வைத்து, அதனை ஓதச் சிலருக்கே உரிமை என்றார்களே, அதன் வருவாய்த்துறைப் பதிப்பு இது! சிற்றூர்ப் பதவிக்குப் பரம்பரை உரிமை செல்லாதென்று 1960இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1968இல் நம் மாநிலம் பரம்பரைப் பதவிச் சட்டத்தையே நீக்கியது. 1980இல் அந்தப் பணியிடங்களும் ஒழிந்தன. அது செல்லுமென உச்சநீதிமன்றம் 1982இல் உறுதி செய்தது. கிராம நிர்வாக அலுவலர் வந்தார். பெட்டி, வீட்டைவிட்டு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

பிழை போயிற்றா? 1979 முதல் 1987 வரை நில உடைமைப் பதிவேடுகளைச் சீர்ப்படுத்தும் திட்டம் நடந்தது. அதிலே புகுந்த பெயர்ப் பிழை, அளவுப் பிழைகளில் பல, அப்படியே கணினியிலும் ஏறிவிட்டன. இன்று பட்டாவை இணையத்திலே காணலாம். நல்லதுதான், மறுப்பவன் மூடன். ஆயினும் பிழையைச் சுட்டினால், "கணினியில் இப்படித்தான் இருக்கிறது" என்ற பதில் வருகிறதே! சாத்திரத்தில் சொல்லியிருக்கிறது என்றபோது, எழுதியவன் யார், எதைக் கண்டு எழுதினான் என்று கேட்ட நம் நா, திரையின் முன்னே ஏன் ஒட்டிக்கொள்கிறது? பிழை திருத்தப் பழைய அ-பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். அந்த ஏட்டைத்தான் கறையான் கற்றுத் தேர்ந்துவிட்டது! அக்பர் காலத்து ஃபசலி ஆண்டை இன்றும் ஜமாபந்தியிலே தவறாமல் குறிக்கிறோம். ஏட்டை மட்டும் காணோம்.

எல்லாக் காகிதத்தையும் எக்காலமும் காக்க இயலுமா என்பார்கள். இயலாது; தேவையுமில்லை. ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம் எனக் கோப்புகளுக்கு ஆயுள் குறிக்கும் முறை நம் அலுவலகங்களிலே உண்டு. காலம் முடிந்ததை அழிப்பதும் கடமையே. ஆனால், முறைப்படி அழித்தால் அழித்ததற்கு ஒரு பதிவு இருக்கும், நாளிருக்கும், கையொப்பமிருக்கும். "காணோம்" என்பதற்கு நாளுமில்லை, கையொப்பமுமில்லை. அழித்தேன் என்பவர் பொறுப்பேற்கிறார். காணோம் என்பவரோ, பொறுப்பென்ற ஒன்றே அங்கு இருந்ததில்லை என்கிறார். தீய எண்ணமில்லாமலே தீமை விளைவது இவ்விடத்தில்தான்.

2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, ஆவணங்களை வகைப்படுத்தி, அட்டவணையிட்டுக் காக்க வேண்டுமென்று அலுவலகத்தையே பணிக்கிறது. நாம் கேட்ட பிறகு தேடுவதன்று, கேட்குமுன்பே அடுக்கி வைப்பது அதன் கடமை. ஒருகாலத்தில் இருந்த ஆவணத்தை, கிடைக்கவில்லை என்று கூறி மட்டும் தட்டிக்கழிக்கவியலாது. தேடவும் வேண்டும், பொறுப்பாளர் யாரென விசாரிக்கவும் வேண்டும் எனத் தில்லி உயர்நீதிமன்றம் 2013இல் கூறியது.

அந்த மூதாட்டி அடுத்த வாரமும் வருவார். உடன் செல்லுங்கள். பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனு எழுதிக் கொடுங்கள். அதிலே மூன்றே கேள்விகள்: கோப்பின் எண் யாது? கடைசியாக அதனைப் பெற்றுக்கொண்டவர் எந்தப் பதவியினர், எந்த நாளில்? அழிக்கப்பட்டவற்றின் பதிவேட்டில் அது உண்டா?

மனுவைப் பெற்றதற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கி, அதை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.