அதிகையில் ஓர் அக்கா



அழைப்பிதழில் ‘அப்பர் பெருமான்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். நான் பேச வந்திருப்பது அவருடைய அக்காவைப் பற்றி. ஏமாற்றிவிட்டதாக நினைக்க வேண்டாம். அந்த அம்மையார் இல்லையென்றால் அப்பர் இல்லை. அவரைச் சுண்ணாம்புக் காளவாயில் இட்டதும் கல்லைக் கட்டிக் கடலில் தள்ளியதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு, இன்று திலகவதியாரோடு இருப்போம்.

வாழ்க்கை கலைந்துபோகும்போது ஆண்டவனை எப்படி நம்புவது என்று பலரும் கேட்கிறார்கள். நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும்போது இந்தக் கேள்வி வராது. திடீரென்று வேலை போகிறது. ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து உட்காரச் சொல்கிறார். வளர்த்த பிள்ளை பேசாமல் போய்விடுகிறான். அப்போதுதான், ‘நீ யாரப்பா, உன் குணம் என்ன?’ என்று சாமியைப் பார்த்துக் கேட்கத் தோன்றுகிறது. நியாயமான கேள்விதான். கேட்கக் கூடாது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

பண்ணுருட்டிக்குப் பக்கத்தில் திருவாமூர். புகழனார், மாதினியார் என்று ஒரு வேளாளத் தம்பதி. மூத்தவள் திலகவதி. சில ஆண்டுகள் கழித்து மருள்நீக்கி என்று ஒரு பையன், அவர்தான் பின்னாளில் அப்பர். நல்ல குடும்பம், வசதியான வீடு. அரசனுடைய படைத்தலைவர் கலிப்பகையார் பெண் கேட்டு ஆள் அனுப்புகிறார். பேசி முடிக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்பே வடபுலத்தார் எதிர்த்து எழ, அரசன் ஆணையிட, மாப்பிள்ளை போருக்குப் போகிறார். போர் நீண்டுகொண்டே போகிறது.

இடையில் புகழனார் நோயில் விழுந்து இறந்துபோகிறார். கணவர் போனபின் தரிக்க மாட்டாமல் மாதினியாரும் போய்விடுகிறார். காரியங்கள் முடிந்து துக்கம் ஆறுவதற்குள் போர்க்களத்திலிருந்து செய்தி வருகிறது. கலிப்பகையாரும் இல்லை.

இத்தனையையும் பெரிய புராணத்தில் சேக்கிழார் சில பாட்டுகளிலேயே சொல்லிவிடுகிறார். அதில் அப்பரைப் பற்றிய திருநாவுக்கரசர் புராணம் 429 பாட்டு. பின்னால் அவர் நின்று நிதானித்துப் பாடுகிற இடங்கள் எத்தனையோ உண்டு. இங்கே மட்டும் மளமளவென்று போகிறார். படிக்கும்போது மூச்சு முட்டும். இடிகள் அப்படித்தானே விழுகின்றன? ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே நமக்கு அவகாசம் தருவதில்லை.

அந்தப் பெண் என்ன நினைத்தாள்? அப்பாவும் அம்மாவும் என்னை அவருக்கென்று வாக்குக் கொடுத்தார்கள், ஆகவே நான் அவருக்கு உரியவள், இந்த உயிரை அவர் உயிரோடு சேர்த்துவிடுகிறேன் என்று முடிவெடுத்தாள். சாகத் துணிந்தாள் என்பதைச் சேக்கிழார் மறைக்கவில்லை. பக்தை என்றால் எப்போதும் சிரித்த முகமாக இருந்திருப்பாள் என்று நாமாகக் கற்பனை செய்துகொள்கிறோம். பெரிய புராணம் அப்படிப் பூசி மெழுகுவதில்லை.

தம்பி காலில் விழுந்து அழுகிறான். அம்மா அப்பா போன பிறகும் உன்னை வணங்கலாம் என்றுதான் உயிரோடு இருக்கிறேன், நீ போவதாக இருந்தால் உனக்கு முன்னால் நான் போய்விடுவேன் என்கிறான். அவனுக்காக அவள் தங்கினாள். நகைகளைக் கழற்றினாள், எல்லா உயிரிடத்தும் இரக்கம் வைத்து வீட்டிலேயே தவமிருந்தாள். யாருக்காக உயிரை வைத்துக்கொண்டாளோ அந்தத் தம்பி பிறகு என்ன செய்தான்?

விட்டுவிட்டுப் போனான். கெட்டுப்போய்ப் போகவில்லை. செல்வம் நிலையாது என்று கண்டு அறச்சாலை வைத்தான், தண்ணீர்ப் பந்தல் வைத்தான், சோலை வளர்த்தான், குளம் தோண்டினான். பிறகு எந்தச் சமயம் உண்மை என்று தேடிக்கொண்டு பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தான். இது கங்கைக்கரைப் பாடலிபுத்திரம் இல்லை, நம் கடலூர்த் திருப்பாதிரிப்புலியூர். அங்கே கற்றுத் தேறித் தருமசேனர் என்ற பெயரோடு தலைமை நிலைக்கு வந்தான்.

இந்த இடத்தில் கொஞ்சம் விலகி ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கதையை எடுத்துக்கொண்டு சமணரை ஏசுகிற வழக்கம் நம் மேடைகளில் உண்டு. எனக்கு அது பிடிக்காது. அந்தப் பாடலிபுத்திரம் கி.பி. 458இலேயே சர்வநந்தி என்ற முனிவர் உலகத்தின் அமைப்பைப் பற்றி ‘லோகவிபாகம்’ என்ற நூலை எழுதி முடித்த ஊர். பெரிய கல்வி நிலையம். இன்றைக்கும் தமிழ்ச் சமணர்கள் மேல்சித்தாமூர் மடத்தைத் தலைமையாகக் கொண்டு நம்மோடு வாழ்கிறார்கள். 7ஆம் நூற்றாண்டுச் சைவ, சமணச் சண்டையை நாம் சொத்தாக எழுதி வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. இன்னொன்றும் கவனியுங்கள். மருள்நீக்கியார் அங்கே போனதற்குக் காரணம் சொல்லும்போது, நல்ல வழியைத் தெரிந்துகொள்ள இறைவன் அப்போது அருளவில்லை என்கிறார் சேக்கிழார். தேடியவன் நேர்மையாகத்தான் தேடினான். காட்ட வேண்டியவன் காட்டவில்லை. இதைச் சொல்கிறவர் நாத்திகர் இல்லை, சோழ அமைச்சராக இருந்த பரம சைவர்!

திலகவதியார் இப்போது தனியாள். அப்பா, அம்மா, வரப்போகும் கணவர், கடைசியில் தம்பி. சாக நினைத்த காரணம் அப்படியே இருக்கிறது, வாழ நினைத்த காரணம் போய்விட்டது. இதைவிடக் குழப்பமான நிலை ஒரு மனிதருக்கு வர முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் புறப்பட்டுக் கெடிலக்கரையில் இருக்கும் திருவதிகை வீரட்டானத்துக்கு வந்தார். விடிவதற்கு முன் திருவலகால் பெருக்கினார், சாணமிட்டு மெழுகினார், பூப்பறித்து மாலை கட்டினார். நாள்தோறும் இதே வேலை.

ஏன் அந்தக் கோயில்? சொந்த ஊருக்குப் பக்கம், அதனால் வந்தார் என்று முடித்துவிடலாம். நான் வேறு ஒன்றையும் நினைத்துப் பார்க்கிறேன். சிவன் வீரச் செயல் புரிந்த எட்டுத் தலங்களான அட்டவீரட்டத்தில் அதிகை, திரிபுரம் எரித்த தலம். மூன்று கோட்டைகள் ஒரு நொடியில் சாம்பலாயின. அந்த நெருப்பைக் கேள்விப்பட்டவர் யாரும் இவன் அழிப்பவன் என்றுதான் நினைப்பார்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லை. கோட்டைகள் எரிந்தபோது, அவற்றுக்குள் பக்தியில் வழுவாதிருந்த மூன்று பேர் தப்பினார்கள். இருவரைத் தன் வாயிலில் காவலுக்கு நிறுத்தினான், ஒருவனை முழவு வாசிக்க வைத்துக்கொண்டான் என்று சுந்தரர் தேவாரத்தில் வருகிறது. எரிகிற கோட்டைக்குள் இருந்த அந்த மூவருக்கு அப்போது என்ன தெரிந்திருக்கும்? சுற்றிலும் நெருப்பு, அவ்வளவுதான். நெருப்பு வைத்தவனுக்கு நம் பெயரும் தெரியும் என்பது அந்த நேரத்தில் எங்கே தெரியப்போகிறது?

வீடு முழுக்க எரிந்துபோன ஒரு பெண் அப்படிப்பட்டவனுடைய வாசலைப் பெருக்கப் போகிறாள். நடந்ததை மட்டும் வைத்து அவனை எடைபோட்டிருந்தால் அந்தப் பக்கமே திரும்பியிருக்க மாட்டாள். ‘இவன் குணம் எனக்குத் தெரியும், இவன் செய்வதுதான் எனக்கு விளங்கவில்லை’ என்று இரண்டையும் பிரித்து வைத்துக்கொள்ள அவளுக்குத் தெரிந்திருந்தது. நாம் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். இந்த வாரம் நல்லது நடந்தால் கருணைக்கடல். அடுத்த வாரம் கஷ்டம் வந்தால் கல்நெஞ்சன். வாரா வாரம் மாறுகிற சாமியை யார் நம்ப முடியும்?

அவர் வாய்மூடியும் இருக்கவில்லை. என்னை நீ ஆண்டுகொண்டது உண்மையானால் என் தம்பியையும் எடுத்துக்கொள் என்று பலமுறை விண்ணப்பித்தார். என்ன உரிமை பாருங்கள்! ஒருநாள் கனவில் இறைவன் தோன்றினான். மனக்கவலையை விடு, உன் தம்பி முன்பே முனிவனாக இருந்து என்னை அடையத் தவம் செய்தவன், இனிச் சூலை நோயைக் கொடுத்து அவனை ஆட்கொள்வேன் என்றான்.

இந்தக் கனவை நாம் அவசரமாகக் கடந்துவிடுகிறோம். கொஞ்சம் நில்லுங்கள். தம்பியைப் பற்றி விவரம் வந்தது. அப்பா ஏன் போனார், அம்மா ஏன் போனாள் என்பதற்குப் பதில் வந்ததா? கலிப்பகையாரைப் பற்றி ஒரு சொல் உண்டா? இல்லை. நானும் புராணத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன், இல்லை. கனவில் சாமியே வந்து நிற்கிறான், அந்த மூன்று சாவுக்கும் விளக்கம் தராமல் போகிறான். அம்மையாரும் கேட்கவில்லை. சேக்கிழார் நினைத்திருந்தால் ஒரு பாட்டில் முன்வினை என்று சொல்லி அடைத்திருக்கலாம். அடைக்காமல் விட்டிருக்கிறார். அந்த வெற்றிடத்துக்காகவே அவரைக் கும்பிடத் தோன்றுகிறது.

ஆகவே துக்க வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. ‘எல்லாம் நன்மைக்கே’ என்று சொல்லாதீர்கள். ‘தாய் கசப்பு மருந்து கொடுப்பாள் அல்லவா’ என்றும் ஆரம்பிக்காதீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் அது மருந்து என்று சொல்ல நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது? கனவில் வந்த கடவுளே சொல்லாத விளக்கத்தை நாம் ஏன் வலியப்போய்ச் சொல்ல வேண்டும்? பக்கத்தில் உட்காருங்கள். காபி போட்டுக் கொடுங்கள். போதும்.

சரி, சூலை வந்தது. தருமசேனர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தார். பள்ளியில் இருந்தவர்கள் மந்திரித்த நீர் கொடுத்தார்கள், மயிற்பீலியால் தடவினார்கள், தணியவில்லை. கையை விரித்துவிட்டார்கள். அப்போதுதான் அக்கா நினைவு வந்தது. சமையற்காரனை அனுப்பினார். அவன் போய் நந்தவனத்துப் பக்கம் அம்மையாரைக் கண்டு சொன்னான்.

உடனே ஓடியிருக்க வேண்டும் இல்லையா? எத்தனை ஆண்டு ஏக்கம்! ‘அங்கே நான் வர மாட்டேன், போய்ச் சொல்’ என்று திருப்பி அனுப்பிவிட்டார். படிக்கிறபோது சுருக்கென்று குத்தும். பாசம் வற்றிப்போனதால் மறுக்கவில்லை. அழைத்து வருகிற வேலையை ஒருவன் ஏற்றுக்கொண்டிருக்கிறான், நடுவில் புகுந்து அதைக் கெடுக்கக் கூடாது என்று நின்றார். இது எனக்குக் கிடைத்த பொருள். வேறு விதமாகச் சொல்பவர்களும் இருக்கலாம். ஆனால் ஒன்று சொல்வேன், அழுகிற பிள்ளையைத் தூக்க ஓடுவதைவிட ஓடாமல் நிற்பது கடினம். அதற்குத்தான் ஆண்டவனுடைய குணத்தில் உறுதியான நம்பிக்கை வேண்டும்.

அன்றிரவே தம்பி வந்தார். உடுத்தியிருந்த பாயைக் களைந்து, குண்டிகையையும் பீலியையும் விட்டு, வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் வந்து அக்காவின் காலில் விழுந்தார். ‘நான் அப்போதே சொன்னேனே’ என்று நம் வீட்டில் சொல்வோமே, அந்த வாக்கியம் பெரிய புராணத்தில் இல்லை! எழுந்திரு என்றார். ஐந்தெழுத்து ஓதித் திருநீறு கொடுத்தார். பொழுது விடியப் போகிறது, பெருக்கப் போகும் நேரம். வழக்கம்போலத் திருவலகையும் சாணத்தையும் தோண்டியையும் எடுத்துக்கொண்டு, தம்பியையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்கு நடந்தார். தம்பி வந்த அன்றைக்கும் கூட்டுகிற வேலைக்கு விடுமுறை இல்லை.

கோயிலில் நின்று தம்பி பாடிய முதல் பதிகம்தான் நான்காம் திருமுறையின் தொடக்கம். கொல்லிப்பண். அதைப் பாடக் கேட்டவர்களுக்குத் தெரியும், அது மங்கலப் பாட்டு இல்லை, முறையீடு. வலி தாங்கவில்லை என்று சொல்கிறார், நான் செய்தது எனக்கே தெரியவில்லையே என்கிறார். ஆனாலும் பாட்டுக்குப் பாட்டு அதிகையில் இருப்பவனைத்தான் விளித்து முடிக்கிறார். வலி தீர்ந்த பிறகு நன்றி சொல்லப் பாடியதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். வலியோடு நின்றுதான் பாடினார். பாடி முடித்த பிறகுதான் சூலை நீங்கிற்று.

அக்காவிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டது பாட்டை அல்ல, வேலையை. அக்கா கையில் துடைப்பம், தம்பி கையில் உழவாரம். 81 வயது வரை கோயில் கோயிலாகப் புல் செதுக்கினார். திருப்புகலூரில் செதுக்குகிற இடத்தில் பொன்னும் மணியும் வந்து விழுந்தன என்று புராணம் சொல்கிறது. பருக்கைக் கல்லோடு அவற்றையும் சேர்த்து வாரிக் குளத்தில் எறிந்தார். காளவாயில் இருந்த மனிதருக்கும் பொன் வந்தபோது இருந்த மனிதருக்கும் வித்தியாசம் காண முடியவில்லை. கஷ்டம் வந்தபோது அவருக்கு ஆண்டவன் கெட்டவனாகவில்லை, பொன் வந்தபோது அவன் புதிதாக நல்லவனாகிவிடவும் இல்லை.

திலகவதியார் அறுபத்துமூவர் வரிசையில் இல்லை. அந்த வரிசையில் பெண்கள் மூன்றே பேர்: காரைக்காலம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார். அதிகைக் கோயிலில் அம்மையாருக்குச் சந்நிதி உண்டு. போகிறவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

முன்பு ஒரு கூட்டம் முடிந்தபின் ஒரு பெரியம்மா வந்து கேட்டார்: ‘அவங்களுக்குக் கனவு வந்துச்சு ஐயா, நம்பினாங்க. எனக்கு ஒண்ணும் வரலையே?’ நல்ல கேள்வி. கனவு வந்ததால் அம்மையார் பெருக்க வரவில்லை அம்மா. பெருக்கிக்கொண்டிருந்தவருக்குத்தான் கனவு வந்தது. அதற்கு முன்னால் எத்தனை ஆண்டு காத்திருந்தார் என்று சேக்கிழார் சொல்லவில்லை. அத்தனை ஆண்டும் அவரும் உங்களைப் போலத்தான் இருந்தார், ஒரு சேதியும் வராமல். நாளைக் காலையில் உங்கள் தெருக்கோயிலில் கூட்டிப் பெருக்க ஆள் வேண்டும் என்று குருக்கள் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்தரை மணிக்கு நடை திறப்பார்கள்.