திறனும் உயர்வும்: ஓர் அறவியல் நோக்கு

கைத்திறன் மனிதனை உயர்த்தும் என்பது இன்று வினாவுக்கிடமின்றி ஏற்கப்படும் கூற்றாகும். மேகக் கணிமை, கணினி அமைப்புகளின் பராமரிப்பு ஆகிய துறைகளை நாடும் இளைஞருக்கு இதுவே முதல் உபதேசம். பட்டத்தினும் செயற்றிறனே பெரிது. அதுவே படிப்படியாகப் பதவியுயர்வைத் தரும் என்பர். பதுளைத் தோட்டங்களை அறிந்தோர் இக்கூற்றை அத்துணை எளிதில் ஏற்றல் இயலாது.

செங்குத்தான சரிவில் நின்று கொழுந்து பறிக்கும் பெண்ணை நோக்குவோம். தளிர் எது, முற்றிய இலை எது என்பதை அவளது விரல்கள் கணத்தில் அறிந்துவிடுகின்றன. இது பல்லாண்டுப் பயிற்சியில் விளைந்த அறிவேயாகும். எனினும், முப்பதாண்டு அனுபவம் உடையவளுக்கும் நேற்றுச் சேர்ந்தவளுக்கும் அடிப்படை நாட்சம்பளம் ஒன்றே. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே வழி திறந்தது. எனவே இவர்தம் தேக்கத்துக்குக் காரணம் திறனின்மையன்று. திறனை மதிக்கும் ஏணியின்மையே.

கணினித் துறையில் அவ்வேணி உண்டு. பாவனையாளரின் முறைப்பாடுகளைக் கேட்டுத் தீர்ப்பவர், வழங்கிகளைப் பராமரிப்பவராகவும், பின்னர் முழு அமைப்பையும் வடிவமைப்பவராகவும் உயரலாம். 2005இல் பதுளையில் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்திலும் கணினித் துறைக் கல்வி இடம்பெற்றுள்ளது. ஆயின், ஏணி உள்ளவிடத்துப் பிறிதோர் இடர் தோன்றுகின்றது. அது, திறனை ஏணியாக மட்டுமே கருதும் மனப்பாங்காகும்.

2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கட்டமைப்பு கப்பம் கோரும் தீநிரலொன்றின் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. ஏறத்தாழ 5000 மின்னஞ்சற் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகளுக்குக் காப்புப் பிரதி இன்மையால் அவை மீளப் பெறப்படவில்லை. காப்புப் பிரதி எடுத்தலும், அது பயன்படுமா என மீட்டுச் சோதித்தலும் புகழ் தராத பணிகள். அவை செவ்வனே நடைபெறின் எவரும் அறியார். நிகழாத விபத்துக்காக எவருக்கும் பதவியுயர்வு கிடைப்பதில்லை.

கட்டடம் கட்டியே ஒருவன் கட்டடக் கலைஞனாவது போல, நேரிய செயல்களைச் செய்தே நேர்மையாளனாகிறான் என்பது அரிஸ்டோட்டிலின் கருத்து. பிறர் காணாத நள்ளிரவிலும் அச்சோதனையைத் தவறாது செய்பவனிடத்தில் திறன் ஒழுக்கமாகவும் கனிகின்றது.

‘உயர்வை நாடாது கடமையைச் செய்’ என்னும் பழைய போதனையன்றோ இது என ஒருவர் வினவலாம். வினா நியாயமானதே. அப்போதனைதான் தோட்ட மக்களை நெடுங்காலம் பணிந்திருக்கச் செய்தது. ஆதலின் கடமை ஒருபக்கத்தது அன்று. காணாவிடத்தும் செவ்வனே செய்தல் தொழிலாளியின் கடன். காணாத உழைப்பைக் கண்டறிந்து உயர்த்துதல் நிறுவனத்தின் கடன். பின்னையது தவறுமிடத்து முன்னையதை மட்டும் வற்புறுத்துதல் சுரண்டலேயாகும்.

லயத்தினின்றும் கணினிக் கூடத்துக்கு ஏறும் இளைஞன் இதனை மறத்தலாகாது. தாயின் விரல்களில் இருந்ததும் திறனே. அவளுக்கு மறுக்கப்பட்ட மதிப்பைத் தனக்குக் கீழ்ப் பணிபுரிவோருக்கு அவன் வழங்குவானாயின், அதுவே உண்மையான உயர்வாகும்.